தீவகத்து வண்டிகளும் பழுதறியும் கணினியும்: ஒரு தொழினுட்பச் சமூக நோக்கு

தோற்றுவாய்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளை நாம் தீவகம் என வழங்குகிறோம். இவற்றுள் ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட வேலணைத்தீவு பண்ணைத் தாம்போதியினாற் குடாநாட்டுடன் இணைந்துள்ளது. புங்குடுதீவு இன்னொரு தாம்போதியினால் வேலணையுடன் இணைந்துள்ளது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான சிறு கடலை மக்கள் 'பாதை' என அழைக்கும் மிதவை கடக்கின்றது.

இத்தகைய நிலவமைப்பில் ஒரு வண்டி பழுதடைவது நகரத்தில் வண்டி பழுதடைவதற்கு ஒப்பானதன்று. நெடுந்தீவில் நின்றுபோன வானை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துச் செல்ல இயலாது. ஒன்றில் அதனைப் பெரும் படகேற்றிக் கரை சேர்த்தல் வேண்டும். அன்றேல் பழுதறிய வல்லவரையும் அவருடைய கருவியையும் தீவுக்கு அழைத்து வருதல் வேண்டும். பழுது யாதெனச் சரிவர அறியாது வாங்கப்பட்ட உதிரிப்பாகம் பொருந்தாவிடின், அதன் விலையோடு படகுப் பயணமும் ஒரு நாள் உழைப்பும் வீணாகின்றன. ஆகவே பழுதை அது நிகழ்ந்த இடத்திலேயே கண்டறிதல் தீவக மக்களின் வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புற்ற விடயமாகும்.

அண்மைக் காலத்து வண்டிகளில் இக்கண்டறிதல் மடிக்கணினியையும் இணைப்புக் கருவியையும் வேண்டி நிற்கின்றது. இக்கருவி எங்ஙனம் தொழிற்படுகின்றது, அது கூறுவதை எங்ஙனம் விளங்கிக்கொள்வது, இவ்வறிவு யாருடைய கையில் இருக்கின்றது என்னும் மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

பழைய எஞ்சினும் அதனைச் சார்ந்த அறிவும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் ஆகிய ஆங்கிலேய வண்டிகள் நெடுங்காலம் ஓடின. அவ்வெஞ்சின்களில் எரிபொருளையும் காற்றையும் கலந்தது காபரேற்றர். தீப்பொறியை உரிய வேளையில் உரிய உருளைக்கு அனுப்பியது பொறிப்பங்கீட்டி. இரண்டும் பொறிமுறையால் இயங்கியவை. கராஜில் பணிபுரிந்தவர் எஞ்சினின் ஓசையைச் செவியாலும் எரியாத பெற்றோலின் மணத்தை மூக்காலும் வெப்பத்தைக் கையாலும் உணர்ந்து பழுதைக் கண்டார். இயந்திரத்தின் நிலை புலன்களுக்கு எட்டும் வகையில் வெளிப்பட்டு நின்றது.

1990ஆம் ஆண்டு முதல் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது இவ்வறிவின் ஆற்றல் நன்கு வெளிப்பட்டது. பெற்றோல் அரிதாகியபோது சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை பரவலாகியது. பெற்றோலிலும் குறைந்த எளிதில் ஆவியாகும் மண்ணெண்ணெயை எரிப்பதற்கு எஞ்சினின் வெப்பம் தேவை என்பதைப் பாடநூலிற் கல்லாத கைவினைஞர் நடைமுறையில் அறிந்திருந்தனர். வண்டியைச் செய்தவர் எதிர்பாராத எரிபொருளில் அதனை ஓடவைத்தமை, அக்காலத்து எஞ்சின் தன்னைக் கையாள்பவருக்குத் திறந்து கிடந்ததனாலேயே இயன்றது.

எனினும் பழமையைப் போற்றுமிடத்து அதன் குறைகளை மறைத்தல் ஆய்வாளனுக்கு அழகன்று. அவ்வறிவு பெரும்பாலும் எழுத்தில் இடம்பெறவில்லை. ஊதியமின்றியோ சொற்ப ஊதியத்துக்கோ ஆண்டுக்கணக்கில் உழைத்த சிறுவர் பார்த்துப் பார்த்துப் பெற்ற அறிவு அது. 1990களின் தொடக்கத்திற் போரினால் தீவக மக்களிற் பெரும் பகுதியினர் இடம்பெயர்ந்தபோது, எழுதி வைக்கப்படாத இத்தகைய அறிவும் அவர்களோடு இடம்பெயர்ந்தது.

வண்டிக்குள் கணினி புகுந்த வரலாறு

கணினி வண்டிக்குள் புகுந்தமைக்கு முதன்மைக் காரணம் வளிமண்டல மாசு ஆகும். லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் வண்டிப்புகை மக்களின் சுவாசத்தைப் பாதித்தது. 1970இல் ஐக்கிய அமெரிக்காவில் தூய வளிச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. புகையிலுள்ள நஞ்சைக் குறைக்கும் ஊக்கிமாற்றி செம்மையாகத் தொழிற்பட வேண்டுமாயின், பெற்றோலும் காற்றும் ஏறத்தாழ 1க்கு 14.7 என்னும் நிறை விகிதத்திற் கலத்தல் வேண்டும். கணத்துக்குக் கணம் மாறும் வேகத்திலும் பாரத்திலும் இவ்விகிதத்தைப் பேணக் காபரேற்றரால் இயலவில்லை. ஆகவே உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகும் வந்து சேர்ந்தன.

உணரிகள் பழுதடையின் வண்டி ஓடிக்கொண்டே நஞ்சைக் கக்கும். ஓட்டுநர் அதனை அறியார். இதனைத் தடுக்கும் பொருட்டு, கட்டுப்பாட்டு அலகு தன்னைத்தானே சோதித்துப் பழுதைப் பதிந்து விளக்கொன்றை எரியவிடல் வேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடக்கம் விதித்தது. ஆயினும் ஒவ்வொரு கம்பனியும் தனக்கெனத் தனித் துளையும் தனிக் குறியீடும் வைத்திருந்தது. 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் இலகுரக வண்டிகள் அனைத்துக்கும் பொதுத் துளையும் பொதுக் குறியீடும் கட்டாயமாக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் பெற்றோல் கார்களுக்கும் 2004இல் டீசல் கார்களுக்கும் இதனை விதித்தது.

இங்கு ஒரு கருத்தை வலியுறுத்தல் வேண்டும். எவரும் பயன்படுத்தத்தக்க இப்பொதுத் துளை கம்பனிகளின் நல்லெண்ணத்தாற் கிடைத்ததன்று. தூய காற்றை வேண்டிய சமூகத்தின் வற்புறுத்தலாற் சட்டமாகி வந்தது அது.

பதினாறு ஊசித் துளையும் இணைப்புக் கருவியும்

ஓட்டுநரின் முழங்காலுக்கு அண்மையில், சுக்கான் வளையத்தின் கீழ், சரிவக வடிவான ஒரு துளை உண்டு. அதில் எட்டு எட்டாக இரு வரிசையில் 16 ஊசிகளுக்கு இடமுண்டு. 16ஆம் ஊசி பற்றரியின் நேர்முனையோடும் 4ஆம், 5ஆம் ஊசிகள் எர்த்தோடும் தொடுக்கப்பட்டிருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் 7ஆம் ஊசிவழி ஒற்றைக் கம்பியில் உரையாடல் நடைபெறும். புதியவற்றில் 6ஆம், 14ஆம் ஊசிகளோடு இணைந்த முறுக்கிய கம்பிச் சோடியில் அது நடைபெறும். பொஷ் என்னும் ஜேர்மன் நிறுவனம் 1986இல் அறிமுகஞ் செய்த இவ்விருகம்பி முறையில் எஞ்சின், தடுப்பு, சுக்கான் முதலியவற்றின் அலகுகள் யாவும் ஒரே பாதையில் தம்முட் செய்தி பரிமாறிக்கொள்கின்றன.

மடிக்கணினிக்கு இம்மொழி நேரே விளங்காது. இடையில் நிற்கும் இணைப்புக் கருவி மொழிபெயர்ப்பாளனாகத் தொழிற்படுகின்றது. அது வண்டியின் மின்துடிப்புகளை வாங்கி, யூ.எஸ்.பி. கம்பி வழியாகவோ புளூடூத் வழியாகவோ கணினிக்கு எழுத்துகளாக அனுப்பும். கனடாவின் சிறு நிறுவனமொன்று ஆக்கிய எல்ம் 327 என்னும் சில்லு இவ்வகையிற் புகழ்பெற்றது. அதன் போலிகள் மிகக் குறைந்த விலைக்கு உலகெங்கும் பரவியுள்ளன. மலிவு என்பதனால் அவை எளியோர் கைக்கு எட்டின என்பது உண்மையே; எனினும் அவற்றுட் பல எல்லா மொழிமுறைகளையும் ஒழுங்காகப் பேசுவதில்லை. கருவி விடையிறுக்காதபோது வண்டியின் அலகு இறந்துவிட்டது என முடிவுசெய்யுமுன், நன்கு இயங்கும் வேறொரு வண்டியில் அக்கருவியைச் சோதித்தல் நன்று.

இலங்கையில் ஓடும் வண்டிகளிற் கணிசமானவை ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியானவை. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட பழைய வண்டிகளுட் சில 16 ஊசித் துளையைக் கொண்டிருந்தும் பொதுமொழியில் விடையிறுப்பதில்லை. கம்பனியின் தனிமொழியறிந்த மென்பொருளே அவற்றுக்கு வேண்டும்.

குறியீடு கூறுவதும் கூறாததும்

கணினித் திரையில் தோன்றும் குறியீடு ஓர் எழுத்தையும் நான்கு இடங்களையும் கொண்டது. எழுத்து, பழுது எஞ்சின் பகுதியிலா, அடிச்சட்டத்திலா, உடற்பகுதியிலா, செய்தி வலையிலா என்பதைக் காட்டும். எஞ்சின் வகைக் குறியீடுகளில் முதலிலக்கம் 0 எனின் அது எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவானது. 1 எனின் அக்கம்பனிக்கே உரியது.

இக்குறியீட்டை நோயின் பெயராகக் கொள்வதே பலரும் இழைக்கும் தவறு. அது நோயின் அறிகுறி மாத்திரமே. எடுத்துக்காட்டாக 0301 என்பது முதலாம் உருளையில் எரிதல் தவறுகின்றது என்னும் செய்தியைத் தருகின்றது. காரணம் தீப்பொறிச் செருகியாகலாம், மின்சுருளாகலாம், எரிபொருள் தெளிகருவியாகலாம், வால்வின் கசிவுமாகலாம். அறிவுடைய கைவினைஞர் உடனே புதிய சுருளை வாங்கச் சொல்லார். முதலாம் உருளையின் சுருளை இரண்டாம் உருளைக்கு மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்ப்பார். குறியீடு 0302 என மாறின் குற்றம் சுருளோடு இடம்பெயர்ந்தது, சுருளே பழுது. 0301 ஆகவே நிலைப்பின் செருகியையும் தெளிகருவியையும் அவ்வாறே மாற்றிச் சோதிப்பார். செலவேதுமின்றி ஐயம் ஒவ்வொன்றாக நீக்கப்படுகின்றது. கருதுகோளை அமைத்துச் சோதனையால் உறுதிசெய்யும் விஞ்ஞான முறைமை என நாம் வகுப்பறையிற் போதிப்பது இதனையே.

இன்னோர் எடுத்துக்காட்டு 0171. எரிகலவையிற் காற்று மிகுந்துள்ளது என்பது இதன் பொருள். இங்கு உடனடி அளவீடுகள் துணைசெய்கின்றன. கட்டுப்பாட்டு அலகு, ஒட்சிசன் உணரியின் செய்தியைக் கொண்டு எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகின்றது அல்லது குறைக்கின்றது என்பதைத் திரையிற் காணலாம். இத்திருத்தம் 10 சதவீதத்தை மிஞ்சுமாயின் ஐயுறலாம். வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது திருத்தம் மிகுந்தும், வேகத்தைக் கூட்டுகையில் அது குறைந்தும் காணப்படின், எஞ்சின் எங்கோ ஒரு வெடிப்பின் வழியாகக் காற்றை உறிஞ்சுகின்றது எனக் கொள்ளலாம். சிறு கசிவு மெதுவோட்டத்திலேயே பெரும் பங்கை வகிக்கும். மாறாகப் பாரம் ஏற ஏறத் திருத்தமும் ஏறின், எரிபொருள் போதாமை புலனாகின்றது. வடிகட்டியும் பம்பும் சோதிக்கப்படல் வேண்டும். முன்னையது சிறு இறப்பர்க் குழாயின் விலையோடு தீரக்கூடும்.

பழுது நிகழ்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, பாரம் ஆகியவை எவ்வாறிருந்தன என்பதையும் அலகு பதிந்து வைக்கின்றது. குறியீட்டை அழிக்கும்போது இப்பதிவும் அழிந்துபோகும். ஆதலால் முதலில் யாவற்றையும் எழுதிக்கொள்வதும் பின்னரே அழிப்பதும் இத்தொழிலின் முதல் ஒழுக்கம் எனலாம்.

உப்புக்காற்றும் மின்கம்பியும்

தீவகத்துக்கே சிறப்பாகவுரிய காரணியொன்று உண்டு. தாம்போதியில் ஓடும் வண்டி இருமருங்கும் கடலையே கொண்டுள்ளது. இறங்குதுறையில் நிற்கும் வண்டி உப்புத்துளியில் நனைகின்றது. செப்புக் கம்பியின் முனையிற் பச்சைக் களிம்பு படர்கின்றது. உடற்சட்டத்தோடு எர்த் இணையும் ஆணியில் துரு ஏறுகின்றது. களிம்பும் துருவும் மின்னோட்டத்துக்குத் தடையாகின்றன.

பழைய எஞ்சினில் இதன் விளைவு மங்கிய விளக்காகவோ தொடங்க மறுக்கும் எஞ்சினாகவோ வெளிப்பட்டது. புதிய வண்டியிலோ உணரியின் செய்தி பெரும்பாலும் 5 வோல்ற்றுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களாற் பேசப்படுகின்றது. எர்த் இணைப்பில் ஒரு வோல்ற்றின் சிறு பகுதி வீழ்ச்சியுற்றாலும் அலகு பொய்யான செய்தியைப் பெறும். அப்போது திரையில் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல குறியீடுகள் ஒருங்கே தோன்றும். அனுபவமற்றவர் உணரிகளை ஒவ்வொன்றாக மாற்றுவர். அனுபவமுள்ளவர் அவை அனைத்துக்கும் பொதுவான எர்த்தைத் தேடுவர்.

இவ்விடத்தில் மடிக்கணினி போதாது, மல்ரிமீற்றர் வேண்டும். எஞ்சினைத் தொடக்கும்போது பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வோல்ற்றளவை அளந்து, அது ஏறத்தாழ 0.2 வோல்ற்றை மிஞ்சின் அவ்விணைப்பைக் கழற்றித் துப்புரவு செய்தல் வேண்டும். செய்தி வலையில் ஐயம் எழின், பற்றரியைக் கழற்றிய பின்னர் 6ஆம், 14ஆம் ஊசிகளுக்கிடையே தடையை அளக்கலாம். வலையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் சமாந்தரமாக அமைந்துள்ளமையால் 60 ஓம் காட்டுதல் வேண்டும். 120 ஓம் காட்டின் ஒரு முனை அறுந்துள்ளது. சுழியத்தை அண்மித்தால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. கணினிக்கு அப்பால் ஓமின் விதியும் சிறிது பொறுமையுமே இதற்கு வேண்டப்படுபவை.

ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. அண்மைக் காலத்தில் இலங்கையிற் பரவிய கலப்பு வண்டிகளுள் ரொயோட்டா அக்குவாவின் இழுவைப் பற்றரி 144 வோல்ற்று உடையது. பிரியஸின் பல மாதிரிகளில் அது 200 வோல்ற்றைச் சற்று மிஞ்சும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளை உரிய பயிற்சியும் காப்புக் கையுறையும் இன்றித் தொடுதல் உயிராபத்தாகும்.

பழுதறியும் அறிவு யாருக்குரியது?

பொதுக்குறியீடு புகை தொடர்பான பழுதுகளையே பெரும்பாலும் தழுவியது. தடுப்பு, காற்றுப்பை, திறப்புப் பூட்டு, கலப்புப் பற்றரி ஆகியவற்றின் உள்விவரங்கள் கம்பனியின் தனிமொழிக்குள் அடங்கியுள்ளன. புதிய அலகொன்றைப் பொருத்தினாலும் கம்பனியின் மென்பொருள் அதனை ஏற்றுக்கொள்ளாதவரை வண்டி இயங்காமற்போகலாம். விலைகொடுத்து வாங்கியவர் வண்டிக்கு உடைமையாளராயினும் வண்டியைப் பற்றிய அறிவுக்கு உடைமையாளர் அல்லர். உற்பத்திச் சாதனத்தின் உடைமை பற்றிப் பேசிவந்த முற்போக்குச் சிந்தனை, சாதனத்தினுள் உறையும் அறிவின் உடைமை பற்றியும் பேசவேண்டிய காலம் இது.

கம்பனிகள் கூறும் நியாயங்களையும் நோக்குதல் முறையே. பூட்டின் இரகசியம் வெளியானால் திருட்டுப் பெருகும், தடுப்பு மென்பொருளைத் தகுதியற்றோர் மாற்றின் உயிர்ச்சேதம் நேரும் என்பன அவை. இவற்றிற் பொருளில்லை எனல் இயலாது. ஆனால் மூடிய மென்பொருள் தன்னளவிற் பாதுகாப்பைத் தருவதில்லை என்பதற்கு 2015ஆம் ஆண்டின் வொக்ஸ்வாகன் விவகாரம் சான்றாகும். சோதனைக்கூடத்தில் ஒரு விதமாகவும் வீதியில் வேறு விதமாகவும் புகையைக் கக்குமாறு டீசல் வண்டிகளின் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் இதனுள் அடங்கின. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வண்டியிலேயே அளவீட்டுக் கருவியை ஏற்றி வீதியில் ஓட்டி அளந்ததே இவ்வுண்மை வெளிப்பட வழிகோலியது.

மக்கள் போராடிய இடங்களில் மாற்றம் நிகழ்ந்துள்ளது. கம்பனியின் முகவருக்கு வழங்கும் பழுதறி விவரங்களைச் சுதந்திரக் கராஜ்களுக்கும் நியாய விலையில் வழங்கல் வேண்டும் என மசாசூசெற்ஸ் மாநிலம் 2012இற் சட்டமியற்றியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2007இன் ஒழுங்குவிதியொன்றால் திருத்தல் விவரங்களைத் திறக்கச் செய்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தனியார் வண்டிகளின் இறக்குமதி 2025 பெப்ருவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு முழுவதும் பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தியே ஓடியது. அந்நியச் செலாவணி அருகிய நாட்டில் திருத்தும் உரிமை தேசியப் பொருளாதார விடயமும் ஆகும் என்பதை இது உணர்த்துகின்றது.

மொழி என்னும் தடை

கம்பனியின் பூட்டுக்கு முன்னரே தீவகத்து இளைஞரை மறிப்பது மொழி. மென்பொருள் ஆங்கிலத்தில் உள்ளது. இறக்குமதி வண்டியின் கையேடோ பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் உள்ளது. இத்தடை நமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களையும் ஆக்குவித்தார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் ஆக்கிய கலைச்சொற்களைக் கொண்டு ஒரு தலைமுறை பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிற் பயின்றது. மனித உடலின் நோயறிதலைத் தமிழிற் கற்பிக்க இயன்றதாயின், எஞ்சினின் நோயறிதலைக் கற்பிக்க இயலாமைக்கு நியாயமில்லை.

செய்யத்தக்கன சிலவற்றை முன்வைக்கிறோம். முதலாவதாக, அடிக்கடி தோன்றும் குறியீடுகளுக்குத் தமிழ் விளக்கக் கையேடு ஒன்று தேவை. அதில் 'உணரி', 'மின்சுருள்' போன்ற சொற்களோடு கராஜில் வழங்கும் சென்சர், கொயில் முதலிய சொற்களும் அருகருகே இடம்பெறல் வேண்டும். தொழிலாளர் வழக்கைப் புறக்கணித்த கலைச்சொல் அகராதியிலேயே தங்கிவிடும். இரண்டாவதாக, நல்ல இணைப்புக் கருவியும் மடிக்கணினியும் தனியொருவர் வாங்குதற்கு அரியனவாயின், தீவுக்கு ஒன்றாகக் கூட்டுறவுச் சங்கத்தின் வழி வைத்துப் பொதுவிற் பயன்படுத்தலாம். மூன்றாவதாக, யாழ்ப்பாணத் தொழினுட்பக் கல்லூரியும் கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் தீவகத்தில் குறுங்காலப் பயிற்சிகளை நடத்தலாம். உப்புக்காற்றால் விளையும் பழுதுகளைப் பற்றித் தீவகக் கைவினைஞர் அவர்களுக்குக் கற்பிக்கவும் நிறைய உண்டு. நான்காவதாக, ஒவ்வொரு பழுதையும், கண்ட குறியீட்டையும், உண்மைக் காரணத்தையும் எழுதிவைக்கும் பதிவேடு கராஜ்தோறும் வேண்டும். முன்னைய தலைமுறையின் அறிவு எழுதப்படாமையால் அழிந்தது என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

இவ்வினா வண்டியோடு முடிவதன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் ஆகியவற்றை இணைத்து மின் வழங்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அத்தகைய நிலையங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் உணரி, செய்தி வலை, பழுதுக்குறியீடு என்னும் இதே முறையிலேயே பேசுவன. பழுது நேர்ந்த இரவில் அப்பெட்டி கூறுவதை வாசித்தறியத் தீவிலேயே ஒருவர் இருப்பாரா, அன்றேல் கடல் கடந்து வருபவருக்காகத் தீவு இருளிற் காத்திருக்குமா என்பது, ஒரு வானின் எஞ்சின் விளக்கை இன்று நாம் எவ்வாறு வாசிக்கப் பயில்கிறோம் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.